பழைய ஆஃப்செட் மெஷினுக்குப் புது வயரிங்

திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் ஓடும் ஆஃப்செட் அச்சு இயந்திரங்களில் நிறைய, வேறு நாட்டில் பல காலம் உழைத்துவிட்டு வந்தவை. ஜெர்மனியின் ஹைடல்பர்க், ரோலண்ட், ஜப்பானின் கொமோரி, செக் நாட்டின் டாமினன்ட் என்று பெயர்ப்பலகை மாறும். வந்த வழி ஒன்றுதான். அங்கே ஒரு அச்சகம் புது மெஷின் வாங்கும்போது பழையது விலைக்கு வரும். அதைக் கழற்றி, கன்டெய்னரில் அடைத்து, தூத்துக்குடியிலோ சென்னையிலோ இறக்கி, லாரியில் கொண்டுவந்து கிரேன் வைத்து ஷெட்டுக்குள் தள்ளுவார்கள். வார்ப்பிரும்புச் சட்டமும் சிலிண்டரும் கியரும் நாற்பது ஆண்டு தாங்கக்கூடியவை. ஹைடல்பர்க் ஜி.டி.ஓ. 1972இலும் ஸ்பீட்மாஸ்டர் 1974இலும் அறிமுகமானவை. அந்தத் தலைமுறை மெஷின்கள் இன்னும் தாள் தள்ளிக்கொண்டிருக்கின்றன. வயர் அவ்வளவு காலம் நிற்காது. பழைய மெஷின் வாங்கும் வேலையில் பாதி ஃபிட்டருக்கு, மீதிப் பாதி எலக்ட்ரீஷியனுக்கு.

வயரைக் கெடுப்பவை பல. அச்சு மெஷினின் அடியில் மசகு எண்ணெய் எப்போதும் கசியும். பிளாங்கெட்டையும் ரோலரையும் கழுவுகிற கெரசின் ஓரமாக வழிந்து கேபிள் ஓடும் குழாய்க்குள் இறங்கும். எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்தால் சாதாரண பி.வி.சி. உறை முதலில் ஊதும். பிறகு அதிலுள்ள இளக்கிப் பொருள் கரைந்து வெளியேறி, குச்சி மாதிரி விறைத்துவிடும். வளைத்தால் உடையும். தண்ணீர் டிரேயில் ஊற்றும் ஃபவுன்டன் கரைசல் லேசான அமிலத் தன்மை உடையது. அது தெறிக்கும் இடத்தில் டெர்மினல்களில் பச்சை பூக்கும். திறந்து மூடுகிற பாதுகாப்பு மூடிகளான கார்டுகளுக்குப் போகும் வயர், ஆயிரக்கணக்கான முறை மடங்கி, உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும். கடல்வழிப் பயணத்தில் கன்டெய்னருக்குள் வியர்த்த ஈரம், கான்டாக்டர் முனைகளில் துருவாக உட்காரும். இவ்வளவுக்கும் தப்பியதை எலி கடிக்கும்.

இந்த வேலைக்கு ஏற்ற காலத்தைத் தொழிலே வகுத்து வைத்திருக்கிறது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் வரத் தொடங்கிவிடும்; அதன்பின் தை பிறக்கும்வரை மெஷினை நிறுத்தச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. பொங்கல் கழிந்து ஆடி வருவதற்குள்தான் வயரிங் வேலை. நோட்டுப் புத்தகம் அடிக்கும் அச்சகங்களுக்கு அந்த இடைவெளியும் சுருங்கிவிடும், பள்ளி திறப்பதற்கு முன் அவர்களுக்கு சீசன். "ரெண்டு நாள்ல முடிச்சிருவீங்கள்ல?" என்று முதலாளி கேட்பது வழக்கம். ஒரு ஃபோர் கலர் மெஷினை முழுதாக மாற்ற வாரங்கள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவசரத்தில் ஒப்புக்கொண்ட வேலையில்தான் கார்டு சுவிட்சுகள் இணைக்கப்படாமல் விடப்படுகின்றன.

முதல் வேலை, எதையும் அவிழ்க்காமல் இருப்பது. மெஷினோடு வந்த சர்க்கியூட் வரைபடம் கையில் இருந்தாலும் அதை முழுக்க நம்ப முடியாது. வரைபடம் தொழிற்சாலையில் இருந்து புறப்பட்ட மெஷினுடையது. ஷெட்டில் நிற்பது, மூன்று நான்கு கைகள் மாறி, ஒவ்வொரு கையும் தன் அவசரத்துக்கு ஒரு வயரை வெட்டி ஒரு வயரை ஒட்டி விட்டுப்போன மெஷின். பேனலைத் திறந்து ஒவ்வொரு டெர்மினல் வரிசையையும் படம் எடுத்து, வயருக்கு வயர் எண் கட்டி, மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து, இருப்பதை இருக்கிறபடியே தாளில் வரைய வேண்டும். பிறகு அதை மூல வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள்தான் மெஷினின் சரித்திரம். எங்கோ ஒரு ரிலே எரிந்து, அதே ரகம் கிடைக்காமல் வேறு ரிலே வந்திருக்கும். எங்கோ இரண்டு டெர்மினலுக்கு நடுவே யாரும் விளக்கம் தர முடியாத ஒரு துண்டு வயர் பாலமாகக் கிடக்கும். அப்படிப்பட்ட பாலங்களில் பெரும்பாலானவை பாதுகாப்பு சுவிட்சுகளை முடக்கப் போட்டவை. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் பழைய வயரை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது வயர் போடுபவர், முன்னவர்களின் தவறுகளைப் புதுச் செம்பில் நகலெடுக்கிறார்.

நிறத்தை நம்புவது இன்னொரு ஆபத்து. இந்தியாவில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது கைக்குப் பழகிப்போன வரிசை. ஜெர்மனியில் கறுப்பு என்பது ஃபேஸ். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஜெர்மன் வயரிங்கில் சிவப்பே எர்த்தாக இருந்தது. அந்தக் காலத்து லெட்டர்பிரஸ் மெஷினோ கட்டிங் மெஷினோ அவிழ்க்கிறவர், சிவப்பைக் கண்டதும் ஃபேஸ் என்று எடுத்துக்கொண்டால் மெஷினின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறும். ஜப்பானிய மெஷினில் வெள்ளை வயர் வரும். அங்கே அது தரையோடு இணைத்த கம்பிக்கு உரிய நிறம். இயந்திர மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60204-1 தரும் நிறங்கள் வேறு: பவர் சுற்றுக்குக் கறுப்பு, ஏ.சி. கன்ட்ரோலுக்குச் சிவப்பு, டி.சி. கன்ட்ரோலுக்கு நீலம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும் சுற்றுகளுக்கு ஆரஞ்சு. இந்தக் கடைசி நிறத்தை மட்டுமாவது ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மெயின் அணைந்திருக்கிறது என்று கையை விட்டவர்களைத் தொட்டுப் பார்ப்பது அந்த வயர்தான். ஒரே மெஷினில் மூன்று நாட்டு நிறம் கலந்து கிடப்பதால், புது வயரிங் போடும்போது ஒரே முறையைத் தேர்ந்து, அதைப் பேனல் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுவது பின்னால் வருபவருக்குச் செய்யும் உதவி.

நிறத்துக்கு அடுத்தது வோல்டேஜ். இங்கே மூன்று ஃபேஸ் சப்ளை 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டே மெஷின்கள் ஓடுகின்றன. பழைய ஜெர்மன் மெஷின் 380 வோல்ட்டுக்குச் செய்தது. மோட்டார் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மரின் டேப்பை மாற்றாவிட்டால் ரிலே காயில்களும் விளக்குகளும் கூடுதல் வோல்டேஜில் வெந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜப்பானில் தொழிற்சாலை சப்ளை 200 வோல்ட். ஆகவே ஜப்பானிய மெஷினுக்கு ஷெட்டின் ஓரத்தில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் நிற்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். மேற்கிலிருந்து வந்த மெஷினின் மோட்டார் தகட்டில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், அதே 220ஐ 50 ஹெர்ட்ஸில் கொடுக்கக் கூடாது. வோல்டேஜுக்கும் ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்க வேண்டும்: 220ஐ 60ஆல் வகுத்து 50ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 183 வோல்ட். அதற்கு மேல் கொடுத்தால் மோட்டாரின் இரும்பு நிறைவடைந்து, சும்மா சுற்றும்போதே சூடாகும். 50 ஹெர்ட்ஸில் வேகமும் எப்படியும் ஆறில் ஒரு பங்கு குறையும். ஃபீடரின் காற்று பம்ப் இழுவை போதாமல் தாள் எடுக்கத் திணறும். இதைப் பம்ப் கோளாறு என்று நினைத்துப் பம்பைப் பிரித்துப்போட்ட கதைகள் இந்தத் தெருக்களில் நிறைய.

பேனல் கட்டுவது சுத்தமான வேலை, சொல்வதற்கு அதிகமில்லை. கன்ட்ரோல் வயர் 1 சதுர மி.மீ. போதும், பவர் வயர் மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்ப. ஒவ்வொரு முனையிலும் லக்ஸ் போட்டு கிரிம்ப் செய்து, எண் எழுதிய ஃபெருல் மாட்ட வேண்டும். இழைகளை முறுக்கி ஸ்குரூவுக்கு அடியில் திணித்தால், மெஷினின் அதிர்வில் ஆறு மாதத்தில் தளரும். சாலிடர் வைத்த முனையும் தளரும், ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்துவிடும் என்பதால். பவர் கேபிளையும் சிக்னல் கேபிளையும் ஒரே டிரேயில் சேர்த்து ஓட்டக் கூடாது. கார்டுகளுக்குப் போகும் வயர் பல இழை கொண்ட ஃபிளெக்சிபிள் ரகமாக, எண்ணெய் தாங்கும் உறையோடு இருக்க வேண்டும். கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் கம்பி விலை குறைவு என்று அதையே கேட்கும் முதலாளிகள் உண்டு. மெஷினின் அடியில் அது நீடிக்காது.

கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மரில் ஒரு நுணுக்கம். அதன் இரண்டாம் சுற்றின் ஒரு முனையை எர்த்தோடு இணைத்து, எல்லா காயில்களின் ஒரு பக்கத்தையும் அந்த முனைக்கே நேராகக் கொண்டுவர வேண்டும். பட்டன், சுவிட்ச், ரிலே தொடர்புகள் எல்லாம் மறு பக்கத்தில்தான் வர வேண்டும். அப்போது எந்த வயர் உரசி உடம்பைத் தொட்டாலும் ஃபியூஸ் போகும், மெஷின் நிற்கும். எர்த் செய்யாமல் மிதக்க விட்டால் முதல் உரசல் யாருக்கும் தெரியாது. இரண்டாவது உரசல் ஸ்டாப் பட்டனைத் தாண்டிச் சுற்றை மூடிவிட்டால், யாரும் தொடாமலே மெஷின் கிளம்பும், அல்லது ஸ்டாப் அழுத்தியும் நிற்காது. ரோலருக்கிடையே துணியோடு கை இருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் பாதுகாப்புச் சுற்று, இந்த வேலையின் முதுகெலும்பு. மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு நேரம் மிஞ்சினால் இன்டர்லாக்கைப் பார்ப்போம் என்பது ஊர் வழக்கம். இருக்க வேண்டியது அதற்கு நேர் எதிர். முதலில் எமர்ஜென்சி சுவிட்சுகள், பிறகு கார்டுகள், பிறகு எச்சரிக்கை மணி. இவை மூன்றும் வேலை செய்த பிறகே மெயின் மோட்டாருக்கு வயர் போக வேண்டும்.

ஃபீடரில் ஒன்று, ஒவ்வொரு யூனிட்டிலும் இரு புறமும், டெலிவரியில் ஒன்று என்று எமர்ஜென்சி பட்டன்கள் இருக்கும். எல்லாம் என்.சி. தொடர்புகள், அழுத்தாதபோது மூடியிருப்பவை. வரிசையாக ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். திறந்திருக்கும் தொடர்பில் ஸ்டாப் அமைத்தால், வயர் அறுந்த அன்று பட்டன் வெறும் பொம்மையாகும், அது தெரியவரும் நாள் விபத்து நாளாகத்தான் இருக்கும். புதுக் கன்ட்ரோலர் போடுகிறவர்கள் எமர்ஜென்சியை அதன் உள்ளீட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அது போதாது. எமர்ஜென்சி சுற்று கான்டாக்டரையே நேராக விடுவிக்க வேண்டும். மென்பொருள் அதைத் தெரிந்துகொள்வது இரண்டாம்பட்சம்.

கார்டு திறந்திருந்தால் மெஷின் ஓடக் கூடாது. ஆனால் பிளேட் மாட்ட, பிளாங்கெட் கழுவ, மெதுவாகச் சுற்ற வேண்டியிருக்கும். இதற்குத்தான் இஞ்ச் பட்டன்: அழுத்திப் பிடித்தால் மட்டும் சிறிதளவு நகரும், விட்டால் நிற்கும். கார்டு சுவிட்ச் திறந்த நிலையில் ரன் பட்டன் செத்து, இஞ்ச் மட்டும் உயிரோடு இருக்கும்படி தர்க்கம் அமைய வேண்டும். ஒரு இடத்தில் கார்டைத் திறந்து ஒருவர் இஞ்ச் அழுத்தும்போது மற்ற எல்லா இடத்துப் பட்டன்களும் பூட்டிக்கொள்வது நல்ல ஏற்பாடு. நகர்வதற்கு முன் மணி ஒலித்து, இரண்டொரு நொடி இடைவெளி விட வேண்டும். அந்த இரண்டு நொடி பிளேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் எரிச்சலூட்டும் என்பதால் டைமரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பார்கள். டைமரை எண் சுழற்றும் வகையில் இல்லாமல் நிலையான வகையில் போட்டுவிடுவது இதற்கு மருந்து.

சுவிட்சை முடக்கும் பழக்கம் மெஷின்மேனின் சோம்பேறித்தனம் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. சுவிட்ச் பழுதாகி, மாற்று கிடைக்காமல், ஆர்டர் நெருக்கும்போது பிறக்கும் வழக்கம் அது. மூலச் சுவிட்ச் ஜெர்மனியிலிருந்து வர வேண்டுமென்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே வயரிங் போடும்போதே சிவகாசிக் கடையில் கிடைக்கும் ரகத்துக்குப் பொருந்தும்படி பிராக்கெட் அடித்து வைப்பது, எந்த அறிவுரையையும்விட அதிகக் கைகளைக் காப்பாற்றும். காந்தச் சுவிட்சைவிட நாக்கு நுழைந்து திறக்கும் சாவி வகைச் சுவிட்ச் நல்லது; ஒரு காந்தத்தை ஒட்டி ஏமாற்ற முடியாது. ஆபத்தான நகரும் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. இதே ஊரில், பட்டாசு மருந்து கலக்கும் அறையில் பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்து, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போகும் ஒருவர், மறுவேலையாக அச்சகத்துக்கு வந்து கார்டு இல்லாத ரோலருக்குள் கையை விடுவதைப் பார்க்கலாம். வெடிக்கும் பொருளுக்குக் கொடுக்கும் மரியாதை, சுற்றும் பொருளுக்குக் கிடைப்பதில்லை.

நெருப்பு விஷயத்திலும் அச்சகம் அவ்வளவு அப்பாவி இல்லை. கெரசின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியே தொடங்குகிறது; சித்திரை வெயிலில் தகரக் கூரை ஷெட்டுக்குள் அது சாதாரணம். கழுவிய துணி குவியும் இடத்துக்கு மேலே திறந்த டெர்மினல் பெட்டியோ, பொறி பறக்கும் கார்பன் பிரஷ் மோட்டாரோ இருக்கக் கூடாது. வறண்ட காற்றில் தாளே நிலைமின்சாரம் ஏற்றிக்கொண்டு டெலிவரியில் பொறி விடும். அச்சுக்கும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இந்த மண்ணைப் பிடிக்கவைத்த அதே வறட்சிதான் இதற்கும் காரணம்.

மெயின் மோட்டார் பழைய மெஷின்களில் டி.சி. ஆகவும், அதை இயக்குவது தைரிஸ்டர் போர்டாகவும் இருக்கும். போர்டு போனால் உதிரி கிடைக்காது. அதை எடுத்துவிட்டு ஏ.சி. மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் போடுவதே இப்போது நடப்பு. மூன்று விஷயங்களைக் கவனிக்காதவர்கள் பிறகு வருந்துவார்கள். குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறி காற்றைத் தள்ளாது, தனி விசிறி வேண்டும். பெரும்பாலான டிரைவ்கள் 40 டிகிரி வரைதான் முழுத் திறன் தரும். மூடிய பேனலுக்குள் அதைத் தாண்டுவது எளிது என்பதால் ஒரு அளவு பெரிய டிரைவ் வாங்க வேண்டும். மூன்றாவது பிரேக். சிலிண்டர்களின் எடை சுழற்சியில் சேமிக்கும் ஆற்றல், நிறுத்தும்போது டிரைவுக்குள் திரும்பி வரும். அதை எரிக்க பிரேக் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள ட்ரிப் ஆகிவிடும். மெஷினோ தானாக ஓய்ந்து நிற்கும்வரை சுற்றும். எமர்ஜென்சி அழுத்தியவருக்கு அந்தச் சில சுற்றுகள் மிக நீளமானவை. நெடுநாள் அலமாரியில் கிடந்த பழைய டிரைவை வாங்கியவர்கள், அதன் கப்பாசிட்டர்களுக்குப் படிப்படியாக வோல்டேஜ் ஏற்றி உயிரூட்டிய பிறகே முழு சப்ளை கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்தால் வெடிக்கும்.

எர்த்திங்குக்கு இந்திய விதிகள், மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் கேட்கின்றன. 40 மி.மீ. விட்டமுள்ள ஜி.ஐ. குழாய், குறைந்தது 2.5 மீட்டர் நீளம், ஐ.எஸ். 3043 சொல்லும் அளவு. விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் மண் மழைக்குப் பின் நல்ல எர்த் தரும். கோடையில் வெடித்துப் பிளந்து குழாயை விட்டு விலகும். பங்குனி சித்திரையில் அளக்காத எர்த், அளந்த எர்த் ஆகாது. குழியில் உப்பும் கரியும் போடும் பழைய முறை எதிர்ப்பைக் குறைக்கும், கூடவே குழாயையும் தின்னும்.

சோதனையின் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் எர்த் தொடர்ச்சி, மெஷினின் எந்த இரும்பிலிருந்தும். அடுத்து 500 வோல்ட் மெக்கரில் காப்புத்தடை. 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மெக்கர் போடும் முன் டிரைவ், சென்சார், கன்ட்ரோலர் எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். மறந்தால் புது டிரைவ் அந்த நொடியே குப்பை. பிறகு மோட்டாரைக் கழற்றிய நிலையில் கன்ட்ரோல் சப்ளை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு எமர்ஜென்சியையும் ஒவ்வொரு கார்டையும் தனித்தனியாகத் திறந்து, கான்டாக்டர் விடுகிறதா என்று ஒருவர் பேனலில் நின்று பார்க்க வேண்டும். அடுத்தது ஃபேஸ் வரிசை. அச்சு மெஷின் தலைகீழாகச் சுற்றினால் கிரிப்பர்கள் உடையும், பம்ப் கெடும். மின்வாரிய சப்ளையில் சரியாக இருந்தது ஜெனரேட்டரில் மாறியிருக்கலாம். 2008க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் அவசரமாக வாங்கி மாட்டிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் இந்தக் கோளாறு இருந்தது. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, ஃபேஸ் வரிசை ரிலே ஒன்றும் போட்டுவிட வேண்டும். கடைசியில் மெஷினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, பிளாங்கெட் அழுத்தம் இல்லாமல் இஞ்சில், பிறகு மெதுவான ஓட்டத்தில், அதன் பிறகே தாளோடு.

வேலையை ஒப்படைக்கும்போது முதலாளி கையில் புது வரைபடம் இரண்டு பிரதி போக வேண்டும்: ஒன்று அலுவலக அலமாரிக்கு, ஒன்று பிளாஸ்டிக் உறையில் பேனல் கதவுக்கு. டெர்மினல் எண், வயர் நிறம், ஃபியூஸ் அளவு, டிரைவின் அமைப்பு எண்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். லக்ஸ் போட்ட டெர்மினலும் முதல் மாத ஓட்டத்தில் சற்றுத் தளரும். மாதம் முடிந்ததும் மெயினை அணைத்துப் பூட்டி, ஒவ்வொரு ஸ்குரூவையும் ஒரு முறை இறுக்கி, சூட்டில் நிறம் மாறிய வயர் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆடி மாதம் தொடங்குவதற்கு முன் இன்னொரு முறை.